கடைக்கும் கிட்டங்கிக்கும் ஒரே பேரேடு: கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றி ஒரு முதல் பாடம்



கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தவரை எங்களுக்குத் தொல்லை இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் தொல்லை வந்தது. அது என்ன தொல்லை, அதை எப்படித் தீர்த்தோம் என்பதை நம் போன்ற மளிகைக் கடைக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் புரியும்படி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாங்கள் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளியை விட்டு மண்டிக்கு வந்தவர்கள். எங்களுக்குப் புரிந்த விஷயம் வாசகர்கள் எல்லோருக்கும் புரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

ஒரு ரசீதின் கதை

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதை ஒட்டி, கடையில் ஒரு கம்ப்யூட்டரும் பின்னால் உள்ள கிட்டங்கியில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்தோம். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. கிட்டங்கியில் போட்ட வரவு செலவை மாலையில் பையன் பென் டிரைவில் எடுத்து வந்து கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவான்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து இருபது ஆண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஒரு சனிக்கிழமை கிட்டங்கியில் சரக்கு ஏற்றும்போதே பழைய பாக்கி 38,400 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கிச் சென்றார். அன்று மாலை பையன் ஊருக்குப் போய்விட்டான். பென் டிரைவ் கிட்டங்கி மேசையிலேயே கிடந்தது. திங்கட்கிழமை எங்கள் வசூல் ஆள் கடைக் கம்ப்யூட்டரில் எடுத்த பாக்கிப் பட்டியலோடு அவர் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "பாக்கி முப்பத்தெட்டாயிரம் நிற்குது" என்று கேட்டுவிட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. ரசீதை எடுத்துக் காட்டினார். பிறகு எங்களுக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, கட்டின பணத்துக்கு நாலு பேர் முன்னாடி ரசீது காட்ட வேண்டியதாப் போச்சே" என்றார். அவ்வளவுதான். மறு வாரம் முதல் அவர் சரக்கு எடுக்க வரவில்லை.

தவறு வசூல் ஆளுடையது அல்ல, பையனுடையதும் அல்ல. ஒரு வியாபாரத்துக்கு இரண்டு பேரேடு வைத்திருந்த எங்களுடையது. பேரேடு ஒன்றே இருக்க வேண்டும், அதை எல்லா மேசையிலிருந்தும் எழுதவும் பார்க்கவும் முடிய வேண்டும். இதற்காகக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாட்டுக்குத்தான் நெட்வொர்க் என்று பெயர்.

இரண்டு வகை நெட்வொர்க்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம்மில் பலர் நெட்வொர்க் என்றால் இன்டர்நெட் என்றே நினைக்கிறோம். இரண்டும் வேறு.

ஒரே கட்டடத்துக்குள் அல்லது ஒரே வளாகத்துக்குள் உள்ள கம்ப்யூட்டர்களை நம் சொந்தக் கம்பியால் இணைப்பது உள் நெட்வொர்க். இதை 'லேன்' என்பார்கள். இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. உலகத்தில் உள்ள இப்படிப்பட்ட நெட்வொர்க்குகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்த பெரிய நெட்வொர்க்தான் இன்டர்நெட். அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மூட்டை தூக்கிப் போக லாரி வேண்டாம். வெளியூருக்கு அனுப்பத்தான் லாரி வேண்டும். அதுபோல, கடைக்கும் கிட்டங்கிக்கும் இடையே கணக்குப் போக இன்டர்நெட் தேவையில்லை. இன்டர்நெட் நின்ற நாளிலும் உள் நெட்வொர்க் வேலை செய்யும். நம் கம்ப்யூட்டரிலேயே கணக்கு இருக்கும் மென்பொருளானால் பில் போடலாம், இருப்பைப் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், இ-வே பில், யு.பி.ஐ. முதலியவற்றுக்குத்தான் இன்டர்நெட் வேண்டும். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் பெரும்பாலானவற்றில் தனியாக ஒரு சிம் கார்டு உள்ளது. ஆகவே கடை இன்டர்நெட் நின்றாலும் அது பேசிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் வரலாறு

1969 அக்டோபர் 29-ந் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி அனுப்பினார்கள். 'லாகின்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அனுப்பியபோது, இரண்டு எழுத்துப் போனதும் மறுமுனைக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஆகவே நம் கடைக் கம்ப்யூட்டர் நின்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. நெட்வொர்க் பிறந்த நாளன்றே அது நின்றிருக்கிறது.

உள் நெட்வொர்க்குக்கு இன்று நாம் பயன்படுத்தும் 'ஈதர்நெட்' முறையை 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் உருவாக்கத் தொடங்கினார். ஒரே கட்டடத்தில் உள்ள பல கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்றும், ஒரே லேசர் பிரிண்டரோடும் இணைக்க வேண்டும் என்பது அங்கே தேவையாக இருந்தது. நம் தேவையும் அதுதானே! இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்டு 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது.

கடைக்குத் தேவையான உறுப்புகள்

1. சர்வர்: இது பேரேடு இருக்கும் கம்ப்யூட்டர். சிறு கடைக்கு இதற்கெனத் தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் போதும். ஆனால் அதில் பையன்கள் சினிமாப் பார்க்கக் கூடாது. கடை திறந்தது முதல் மூடும்வரை அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

2. கேபிள்: 'கேட்-5-இ' அல்லது 'கேட்-6' என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். இந்தக் கேபிள் 100 மீட்டர் நீளம் வரைதான். அதற்கு மேல் இழுத்தால் செய்தி சிதையும். நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் மீண்டும் 100 மீட்டர் போகலாம். கரண்ட் வயரோடு சேர்த்து ஒரே குழாயில் இழுக்கக் கூடாது.

3. ஸ்விட்ச்: இது லைட் போடும் ஸ்விட்ச் அல்ல. ஐந்து அல்லது எட்டுத் துளைகள் உள்ள சிறு பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டர்களின் கேபிளும், பிரிண்டரின் கேபிளும் இதில் வந்து சேரும். எந்தத் துளையில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக் கொண்டு, யாருக்கு வந்த செய்தியோ அவருக்கு மட்டும் கொடுக்கும் நல்ல குமாஸ்தா இது.

4. ரூட்டர்: நம் உள் நெட்வொர்க்குக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் இடையில் உள்ள வாசல். உள்ளே இருந்து வெளியே போவதும் வெளியே இருந்து உள்ளே வருவதும் இதன் வழியாகத்தான். இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போகும் பெட்டியிலேயே பெரும்பாலும் ரூட்டர், வை-ஃபை இரண்டும் சேர்ந்திருக்கும்.

செய்தி எப்படிப் போகிறது?

ஆயிரம் மூட்டை அரிசியை ஒரே லாரியில் ஏற்ற முடியாது. பல லாரிகளில் பிரித்து ஏற்றி, ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சீட்டில் அனுப்புநர், பெறுநர், எத்தனையாவது லாரி என்று எழுதி அனுப்புகிறோம். லாரிகள் முன்னே பின்னே வந்தாலும் சீட்டைப் பார்த்துக் கிட்டங்கியில் சரியாக அடுக்கிக் கொள்ளலாம். வராத லாரிக்கு மட்டும் போன் போட்டுக் கேட்கலாம்.

கம்ப்யூட்டரும் இதையே செய்கிறது. நீண்ட செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பிரிக்கிறது. இவற்றுக்குப் 'பாக்கெட்' என்று பெயர். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி இருக்கும். மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டர் வரிசையாக அடுக்கிக் கொள்கிறது. குறைந்ததை மறுபடி அனுப்பச் சொல்கிறது. இந்த ஒழுங்குக்கு 'டி.சி.பி./ஐ.பி.' என்று பெயர்.

ஐ.பி. முகவரி

நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் கதவு எண் போல ஓர் எண் உண்டு. அதுவே ஐ.பி. முகவரி. 192.168.1.10 என்பது போல நான்கு பகுதிகளாக இருக்கும். சாதாரணக் கடை நெட்வொர்க்கில் முதல் மூன்று பகுதிகள் எல்லாக் கருவிகளுக்கும் ஒன்றாக இருக்கும். கடைசிப் பகுதி மட்டும் 1 முதல் 254-க்குள் வேறுபடும். முதல் மூன்றைத் தெருப் பெயர் என்றும் கடைசியைக் கதவு எண் என்றும் வைத்துக் கொள்ளலாம். ஒரே எண் இரண்டு கருவிகளுக்கு இருந்தால் தபால்காரர் குழம்புவது போல நெட்வொர்க்கும் குழம்பும்.

"பக்கத்துக் கடையிலும் 192.168.1.10 இருக்கிறதே, குழப்பம் வராதா?" என்று கேட்கலாம். வராது. இவை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். பத்தாம் எண் வீடு எல்லாத் தெருவிலும் இருப்பது போல. வெளி உலகத்துக்கு நம் கடை முழுவதும் ரூட்டரின் ஒரே எண்ணாகத்தான் தெரியும். இந்த முறையில் உள்ள எண்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகத்தில் உள்ள எல்லாக் கருவிக்கும் தனித்தனியே கொடுத்துக் கட்டாது என்பதால் இந்த ஏற்பாடு.

இந்த எண்களை வழக்கமாக ரூட்டரே வழங்குகிறது. கருவியை இணைத்ததும், "இந்தா, உனக்கு 12" என்று ஓர் எண்ணைச் சில காலத்துக்குக் கொடுக்கும். செல்போனுக்கும் மற்ற கம்ப்யூட்டர்களுக்கும் இது போதும். ஆனால் சர்வருக்கும் பிரிண்டருக்கும் போதாது. எங்கள் அனுபவம் ஒன்று சொல்கிறோம். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இரவில் கரண்ட் போய் வந்தது. காலையில் பில் எதுவும் அச்சாகவில்லை. பிரிண்டர் நன்றாகத்தான் இருந்தது; ஆனால் அதற்கு ரூட்டர் வேறு எண் கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர்களோ பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக் கொண்டிருந்தன. பதினொரு மணி வரை கையால் பில் எழுதினோம். ஆகவே சர்வருக்கும் பிரிண்டருக்கும் மாறாத எண் கொடுக்கும்படி நெட்வொர்க் போடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. இன்டர்நெட்டில் நாம் பெயரைத்தான் அடிக்கிறோம், எண்ணை அல்ல. பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி போன்ற ஏற்பாட்டுக்கு 'டி.என்.எஸ்.' என்று பெயர்.

கம்பியா, வை-ஃபையா?

பில் போடும் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் கம்பிதான் நல்லது. வை-ஃபை காற்றில் வருவது. சுவர், இரும்பு ஷட்டர், தகரக் கூரை எல்லாம் அதைத் தடுக்கும். மூட்டை அடுக்கு உயர்ந்தாலும் சிக்னல் குறையும். வெறும் கிட்டங்கியில் சோதித்துப் பார்த்து, "நன்றாக வருகிறது" என்று சொல்லிப் போவார்கள். சரக்கு நிறைந்த பிறகு சோதித்தால்தான் உண்மை தெரியும். வை-ஃபையில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு அலைவரிசைகள் காட்டும். 2.4 தூரம் போகும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது.

கட்டடம் விட்டுக் கட்டடம் கம்பி இழுப்பதிலும் கவனம் தேவை. எங்கள் கடைக்கும் பின் கிட்டங்கிக்கும் அறுபது மீட்டர் தூரம். மொட்டை மாடி வழியாகச் சாதாரணச் செம்புக் கேபிள் இழுத்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இடித்தது. இரு முனையிலும் ஸ்விட்ச் போயிற்று. பிறகு கண்ணாடி இழைக் கேபிள், அதாவது ஃபைபர், போட்டோம். அதில் ஒளிதான் போகிறது, மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி சேராத ஃபைபரா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊருக்கு வெளியே உள்ள எங்கள் இன்னொரு கிட்டங்கிக்குச் சொந்தக் கம்பி இழுக்க முடியாது. அதை இன்டர்நெட் வழியாகத்தான் இணைத்திருக்கிறோம். இதற்கு 'வி.பி.என்.' என்னும் பூட்டிய பாதை வேண்டும். பூட்டு இல்லாமல் சர்வரை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைப்பது, கல்லாவைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

பாதுகாப்பு

2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்னும் நச்சு நிரல் சில நாட்களில் 150-க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. கணக்குகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால் போதும்; அடுத்தடுத்த கம்ப்யூட்டருக்குத் தானே தாவியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக் கொள்ளாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆகவே:

• 'அப்டேட்' கேட்டால் கடை மூடும் நேரத்தில் போட விடுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

• ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். கடைப் பெயரையும் போன் நம்பரையும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள்.

• வாடிக்கையாளர் வை-ஃபை கேட்டால், விருந்தினருக்கான தனி வை-ஃபை வைத்துக் கொடுங்கள். பில் போடும் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டு வெளியே போகக் கூடாது.

• தினமும் கணக்கை ஒரு தனி டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்தவுடன் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். வாரம் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

• நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒரு முறை அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஆளை வரச்சொல்லும் முன் நாமே பார்க்கக் கூடியவை:

1. ஒரு கம்ப்யூட்டர் மட்டும் நின்றதா, எல்லாமா? ஒன்று மட்டும் என்றால் அதன் கேபிளையோ அந்தக் கம்ப்யூட்டரையோ பாருங்கள். எல்லாம் என்றால் ஸ்விட்ச் அல்லது சர்வர்.

2. ஸ்விட்சில் அந்தத் துளையின் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். வேறு துளையில் போட்டுப் பாருங்கள். எலி கடித்த கேபிள் மளிகைக் கடையில் அதிசயம் அல்ல.

3. 'பிங்' என்னும் கட்டளையையும் சர்வரின் எண்ணையும் அடியுங்கள். பதில் வந்தால் வழி நன்றாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில்.

4. உள்ளே எல்லாம் நன்றாக இருந்து வெளியே மட்டும் போகவில்லை என்றால், இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

5. எதுவும் பிடிபடவில்லை என்றால் எல்லாவற்றையும் அணைத்து, ரூட்டர், ஸ்விட்ச், சர்வர், மற்றக் கம்ப்யூட்டர்கள் என்ற வரிசையில் இரண்டிரண்டு நிமிட இடைவெளியில் போடுங்கள்.

ஒரு முறை எங்கள் கடையில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் சிமிட்டிக் கொண்டு, நெட்வொர்க் முழுவதும் ஸ்தம்பித்தது. கூட்டிப் பெருக்கிய பையன் தரையில் தொங்கிய கேபிள் முனையை நல்ல எண்ணத்தில் அதே ஸ்விட்சின் காலித் துளையில் சொருகிவிட்டான். ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ஸ்விட்சில்! செய்திகள் வெளியே போக வழியில்லாமல் செக்கு மாடு போலச் சுற்றிக் கொண்டிருந்தன. அன்று முதல் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டு ஸ்விட்சுக்கும் ரூட்டருக்கும் வைக்காமல் விடுவது பல கடைகளில் காணும் குறை. அவை குறைந்த மின்சாரம் இழுப்பவை. அதே யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிடலாம்.

நெட்வொர்க் போடும் முன்

பில் போடும் மென்பொருளின் உரிமம் ஒருவருக்கா, பலருக்கா என்று முதலில் கேளுங்கள். ஒருவர் உரிமத்தை வைத்துக்கொண்டு கம்பி மட்டும் இழுத்துப் பயனில்லை. வேலை முடிந்ததும் எந்தக் கருவிக்கு எந்த எண், எந்தக் கேபிள் எங்கே போகிறது, பாஸ்வேர்டுகள் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். எங்களுக்கு முதலில் வேலை செய்து கொடுத்தவர் எதையும் எழுதித் தராமல் வெளியூர் போய்விட்டார். இரண்டாவது ஆள் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று; இரண்டு செலவு.

நெட்வொர்க் போட்ட மாதமே மேலூர்க்காரரை நேரில் போய்ப் பார்த்தோம். ஒரு வருடக் கணக்கை அச்செடுத்துக் கையில் கொடுத்து, அன்று நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார். இன்று பருப்பும் வற்றலும் எங்களிடம் எடுக்கிறார். சர்க்கரையும் எண்ணெயும் இன்னும் வேறு மண்டியில்தான்.

வாசகர்கள் தங்கள் கடை அமைப்பை ஒரு தாளில் வரைந்து, எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை மீட்டர் தூரம் என்று குறித்துச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வந்தால், எங்களுக்குத் தெரிந்த மட்டும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.